எந்த ஊர் என்று கேட்காத வீடு

எனக்குச் சந்தேகப் புத்தி. இதை என் வீட்டுக்காரர் சொன்னால் சண்டைக்குப் போவேன், நானே சொல்லிக்கொள்ளலாம். காய்கறிக்காரர் கூடுதலாக ஒரு தக்காளி போட்டால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பஸ்ஸில் யாராவது தானாக எழுந்து இடம் கொடுத்தால், சீட்டில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். "ஒன் சந்தேகத்துக்குச் சம்பளம் குடுத்தா இந்நேரம் சொந்த வூடே கட்டியிருக்கலாம்" என்பார் அவர். அவருக்கென்ன, மோட்டார் காயில் கட்டுகிறவர். காயில் எரிந்திருந்தால் எரிந்த நாற்றம் அடிக்கும், முகர்ந்து பார்த்தே சொல்லிவிடலாம். நான் பழகுவது மனுஷர்களோடு.

அப்போது பெரம்பலூரில் குடியிருந்தோம். எனக்கு வேலை அரியலூரில், ஓர் அரசு அலுவலகத்தில். காலையில் மகளுக்குத் தலை பின்னிவிட்டு ஓடினால், சாயங்காலம் பஸ்ஸைப் பிடித்து, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்து வீடு சேர்வதற்குள் விளக்கு வைத்துவிடுவார்கள். அவரும் கிணற்று மேட்டில் எங்காவது மோட்டார் கழற்றிக்கொண்டிருப்பார். மகள் ஆறாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்து, பூட்டைத் திறந்து, உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தெருமுனையில் வரும்போதே எனக்குக் கேட்கும். எதற்கு இவ்வளவு சத்தம் என்று ஒருநாள் திட்டினேன். "உள்ள ஆளுங்க இருக்காங்கன்னு நெனைப்பாங்கல்லம்மா" என்றாள். டிவியை அணைக்கப் போன கையை எடுத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் பள்ளி திறப்பதற்குள் அரியலூருக்குக் குடிபோய்விடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

முடிவு செய்வது சுலபம். நாங்கள் காலனிக்காரர்கள். எங்கள் மாவட்டத்தில் ஊர் வேறு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் தெருக்கள் வேறு. அதற்குத்தான் காலனி என்று பேர். எங்கள் தாத்தாக்கள் அடுத்தவர் வயலில் கூலிக்குக் குனிந்தவர்கள். இன்றைக்கு எங்கள் தெருவில் நர்ஸ் இருக்கிறாள், போலீஸ் இருக்கிறான், சொந்தமாக ஜேசிபி வைத்திருப்பவன் இருக்கிறான். டவுனில் வாடகைக்கு வீடு கேட்டுப் போய் நின்றால் மட்டும் தாத்தாவும் கூடவே வந்து நின்றுகொள்வார்.

பெரம்பலூரில் நாங்கள் முதலில் இருந்த வீட்டில் அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மகளுக்குக் காது குத்தினோம். ஊரிலிருந்து ஒரு வேன் ஆள் வந்தது. வந்தவர்களில் என் பெரியப்பாவை வீட்டுக்காரம்மாவின் தம்பிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அடுத்த வாரம், தன் மகன் சிங்கப்பூரிலிருந்து வருகிறான், வீடு வேண்டும் என்றார் அந்தம்மா. அந்த மகன் இன்றுவரை வந்து சேரவில்லை. மாடி வீட்டுக் குழந்தை அதற்கப்புறம் என் மகளை விளையாடக் கூப்பிடவில்லை. "நான் என்னம்மா பண்ணேன்?" என்று ஐந்து வயதில் என்னைக் கேட்டாள்.

அதனால் அரியலூரில் வீடு தேடக் கிளம்பும்போதே அவரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். கேட்டால் உள்ளதைச் சொல்லுவோம். கிடைத்தால் கிடைக்கட்டும்.

"வாடகை வூடுதான? கேட்டா எதையாவது சொல்லிட்டுப் போவோம். பொண்ணா எடுக்கப் போறோம்?" என்றார் அவர்.

"நீங்க சொல்லிடுவீங்க. அப்பறம் எம்பொண்ணும் அதையே சொல்லணும். ஸ்கூல்ல சொல்லணும், தெருவுல சொல்லணும், ராத்திரி தூக்கத்துலயும் மறக்காம சொல்லணும். எம்புள்ளைக்கு நான் பொய் சொல்லிக்குடுக்க மாட்டேன்."

அவர் வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். பாவம், சண்டை போடத் தெரியாத மனுஷர்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூன்று பேரும் வண்டியில் கிளம்பிவிடுவோம். முதலில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. கதவெல்லாம் புது பெயிண்ட். புது பெயிண்ட் என்றாலே எனக்கு ஆகாது, அடியில் என்ன ஓதமோ என்று சுவரில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுச் சொந்தக்காரர் பெரியவர், விபூதி பூசிய நெற்றி. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"வேப்பந்தட்டை பக்கம்ங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"வேப்பந்தட்டையேவா?"

"அதுலேர்ந்து மலைப் பக்கமா போவணும்ங்க."

"அங்கெல்லாம் நமக்கு ஆளு இருக்கே. ஊரு பேரச் சொல்லுங்க."

"சின்ன ஊருங்க. சொன்னா தெரியாது."

"பரவால்ல சொல்லுங்க. எந்தத் தெரு?"

இவர் நெளிந்த நெளிவில் நாற்காலி கிறீச்சிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "காலனிங்க" என்றேன்.

பெரியவர் ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். "அதுக்கென்னம்மா, இந்தக் காலத்துல அதெல்லாம் யாரு பாக்குறா" என்று சிரித்தார். "பசங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு போன் பண்றேன்" என்றார். போன் வரவில்லை. நாங்கள் பண்ணியபோது வேறு ஆள் வந்துவிட்டார்கள் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே அந்தத் தெரு வழியாகப் போகச் சொன்னேன். 'வீடு வாடகைக்கு' அட்டை கேட்டில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. இறங்கிப் போய் அதைக் கிழித்துப் போடலாமா என்று ஆத்திரமாக வந்தது. அவர் வண்டியை நிறுத்தவில்லை.

அதற்கப்புறம் எல்லாக் கேள்வியும் எனக்கு அந்தக் கேள்வியாகவே காதில் விழ ஆரம்பித்தது. கறி சமைப்பீங்களா என்றால் அது. குலசாமி எங்கே என்றால் அது. புருஷனுக்கு எத்தனை வயசு என்று ஒரு அம்மா கேட்டார், அதிலும் ஏதோ இருக்கிறது என்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்களுக்கு நிஜமாகவே பாதி பேயாக இருந்தது, அதனால் மீதியையும் நம்ப முடியவில்லை.

நடுவில் ஒரே ஒரு வீடு கேள்வியில்லாமல் கிடைத்தது. வீட்டுச் சொந்தக்காரர் லப்பைக்குடிக்காட்டு முஸ்லிம், துபாயில் இருக்கிறார். அவர் தம்பிதான் சாவி கொண்டுவந்து காட்டினார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே நான் எங்கள் விவரத்தைச் சொல்லிவிட்டேன். "அக்கா, எங்கண்ணன் அங்க ஒரே ரூம்ல எட்டு பேரோட படுத்திருக்காரு. யாரு எவருன்னு பாத்தா கால் நீட்ட முடியுமா? மாசம் பொறந்தா வாடகை வந்துட்டா அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மனசு குளிர்ந்தது. ஆனால் வீடு சுண்ணாம்புக்கல் லாரி போகும் ரோட்டின்மேல் இருந்தது. ஜன்னல் கட்டையில் விரலை இழுத்தேன், மாவு மாதிரி வெள்ளையாக ஒட்டியது. நின்ற பத்து நிமிஷத்தில் மகள் மூன்று தரம் தும்மினாள். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறோம். இதை எழுதும் மேஜையைக் காலையில்தான் துடைத்தேன், அதற்குள் அதன்மேல் என் பெயரை எழுதலாம். முதலில் வேண்டாம் என்ற வீட்டுக்கு ஏன் வந்தோம் என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜெயங்கொண்டம் ரோட்டில், ஊர்த் தூசியெல்லாம் அடங்குகிற தூரத்தில், புதிதாக வளர்ந்த நகர் ஒன்று. அகலமான தெரு, வாசலுக்கு வாசல் பவளமல்லி. நடக்கிற தூரத்தில் பெண்கள் பள்ளி. வீட்டுக்காரம்மா ஸ்கூல் டீச்சர், ஐம்பதை ஒட்டிய வயது. கணவருக்கு சிமெண்ட் ஆலையில் ஷிப்ட். இருவரும் கீழே இருந்தார்கள், மாடி காலி. குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்துக் குடித்துப் பார்த்தேன், இளநீர் போல இருந்தது. மகள் தெருப்பக்க அறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. "அம்மா, இந்த ஜன்னலுக்குக் கீழ என் டேபிளப் போட்டா ரோடே தெரியும். நீ வர்றதப் பாத்துட்டே இருக்கலாம்" என்று குதித்தாள்.

டீச்சர் வாடகை சொன்னார், அட்வான்ஸ் சொன்னார், குப்பை வண்டி எப்போது வரும் என்று சொன்னார். எந்த ஊர் என்று கேட்கவேயில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காதது என்னைக் குடைந்தது. இந்த ஊரில் தண்ணீர் கேட்டால்கூட எந்த ஊர் என்று கேட்டுவிட்டுத்தான் சொம்பை நீட்டுவார்கள். இந்தம்மா ஏன் கேட்கவில்லை? வீட்டில் ஏதாவது இருக்குமோ? தெருமுனை மளிகைக் கடையில் சோப்பு வாங்குவதுபோல நின்று, "அந்த டீச்சர் வூட்டு மாடியில முன்ன இருந்தவங்க ஏன் போனாங்க? தூக்கு கீக்குன்னு ஏதாச்சும்..." என்று இழுத்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தங்கமான வூடும்மா அது. இருந்தவங்க மாத்தலாயி போனாங்க. இந்தத் தெருவுல ஒரு நல்லது கெட்டதுன்னா டீச்சர்தான் முன்னுக்கு நிக்கும்." கடைக்காரரும் உடந்தையோ என்று நினைத்துக்கொண்டே சோப்புக்குக் காசு கொடுத்தேன்.

அடுத்த புதன்கிழமை நாள் நன்றாக இருந்தது. வெற்றிலை பாக்கு, வாழைப்பழத்தோடு அட்வான்ஸ் கொடுக்கப் போனோம். டீச்சர் வாசலில் எதிர்வீட்டு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அம்மா பெரிய உடம்பு, பெரிய பொட்டு. தன் வீட்டுச் சாவிக்கொத்தை டீச்சர் கையில் கொடுத்து, "நாளைக்கு வந்துடுவேன் டீச்சர், செடிக்கு மட்டும் தண்ணி ஊத்திடுங்க" என்றார். எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்க் கிளம்புகிற வேலையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மோட்டாரைக் கண்டவுடன் கொல்லைப்புறம் போய்விட்டார். மகள் மாடிக்கு ஓடினாள். டீச்சர் எனக்கு டீ கொண்டுவந்தார்.

கேட்காதவரிடம் நானே கேட்டுவிடுவோம் என்று இருந்தது.

"டீச்சருக்கு எந்த ஊருங்க?"

"ஜெயங்கொண்டம் பக்கம்."

"ஜெயங்கொண்டத்துலயேவா?"

"இல்ல, அதுலேர்ந்து போவணும். மீன்சுருட்டி பக்கம்."

"மீன்சுருட்டியா? எங்க ஆபீஸ்ல ஒருத்தர் மீன்சுருட்டிதான்."

"மீன்சுருட்டி இல்ல. பக்கத்துல. சின்ன ஊரு, சொன்னா தெரியாது."

டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி புரிந்துவிட்டது. ஊர்ப் பேரைச் சொல்லாமல் ஊரைச் சுற்றிச் சுற்றி வருவது எங்கள் ஆட்கள் மட்டும் செய்கிற காரியம். மற்றவர்கள் ஊர்ப் பேரோடு தாத்தா பேரையும் சேர்த்துச் சொல்வார்கள். இவர் ஏன் எங்களைக் கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. கேட்டால் பதிலுக்கு நாங்களும் கேட்போமே. அத்தனை வாரச் சந்தேகமும் ஒரே மூச்சில் கரைந்து போய், எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, நாங்களும் அதேதாங்க்கா" என்றேன். "வேப்பந்தட்டை பக்கம். காலனி."

டீச்சர் சிரிக்கவில்லை. எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மெதுவா பேசு" என்றார். அதுவரை நீங்க என்றவர் நீ என்றார். பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

"பால் காய்ச்ச யாரெல்லாம் வருவாங்க?" என்று கேட்டார்.

"எங்கம்மா, மாமியாரு, நாத்தனாரு ரெண்டு பேரு, பெரியப்பா வூட்டு ஆளுங்க. ஒரு வேன்ல வந்துட்டு சாயங்காலமே போயிடுவாங்க்கா, ஒங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

"இதெல்லாம் எடுத்துக்கம்மா" என்று வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "வேற வூடு பாத்துக்க."

எனக்கு முதலில் காதில் சரியாக விழவில்லையோ என்று இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். விழுந்திருந்தது.

"ஏங்க்கா? நீங்களே இப்புடிச் சொன்னா எப்புடி?"

"நானா இருக்கறதாலதான் சொல்றேன். இந்தத் தெருவுக்கு வந்து பன்னெண்டு வருஷம் ஆவுது. யாருக்கும் தெரியாது. நாங்க பொய்யின்னு ஒண்ணும் சொல்லல. அவங்களா ஒண்ணு நெனச்சிக்கிட்டாங்க, நாங்க இல்லைன்னு சொல்லல. எதிர்வூட்டம்மா சாவியக் குடுத்தத பாத்தல்ல? எங்க வூட்டுல பொங்கல் வச்சா வாங்கிச் சாப்புடுவாங்க. ஒங்க ஆளுங்க ஒரு வேன் வந்து எறங்கினா, நாளைக்கே இந்தத் தெரு கேக்கும். ஒங்களக் கேக்கும், அப்பறம் எங்களக் கேக்கும்."

"கேட்டாக் கேக்கட்டும். ஒங்க சொந்த வூடு. யாரு வெளிய போன்னு சொல்லிடுவா?"

"யாரும் சொல்ல மாட்டாங்க. பேச மாட்டாங்க, அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ரயில்வே கேட் பெரியவர்மேல் வந்ததைவிட அதிகம். அவரிடம் நான் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. "சொந்த வூட்டுலயே வாடகைக்கு இருக்கற மாதிரி இருக்கீங்களேக்கா" என்று சொல்லிவிட்டேன்.

டீச்சர் கோபப்படவில்லை. "இந்த வூடு கட்டி பால் காய்ச்சுனப்ப எங்கம்மாவக் கூப்புடல" என்றார். "இன்னக்கி வரைக்கும் இந்தப் படிய அவங்க மிதிச்சதில்ல. மாசத்துக்கு ஒருக்கா நாந்தான் அங்க போயிட்டு வரேன். பெத்தவளயே நிறுத்தி வச்சிட்டேன். ஒன்ன எப்புடிம்மா மாடியில வைக்க முடியும்?"

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. புடவைத் தலைப்பால் டீ டம்ளரின் அடியைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே மறுபடி வைத்தார். நான் தட்டை எடுத்துப் பையில் கவிழ்த்துக்கொண்டு எழுந்தேன். கதவைத் திறந்தால் வெளியே மாடிப்படியின் கடைசிப் படியில் மகள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது இறங்கி வந்தாள், எவ்வளவு காதில் விழுந்தது, தெரியாது. அவரைக் கூப்பிட்டேன். கையில் எண்ணெயோடு வந்தவர், "நல்ல மோட்டாரு" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

தெருவுக்கு வந்தபோது எதிர்வீட்டு அம்மா பையும் கையுமாக ஆட்டோவுக்கு நின்றிருந்தார்.

"என்னம்மா, முடிஞ்சிடுச்சா? கதவெல்லாம் சாத்திக்கிட்டு அவ்ளோ நேரம் பேசிட்டு இருந்தீங்க. டீச்சருக்கு சொந்தமோ?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கண் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும், நானும் வீடு வீடாக அதே கண்ணோடுதான் அலைந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தேன். டீச்சர் கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றிருந்தார். ஆமாம், நாங்களும் காலனிதான் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பன்னிரண்டு வருஷமும் அந்த ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிடும். சொல்லடி, சொல்லடி என்று என் வயிற்றெரிச்சல் தூண்டியது. உள்ளதைத்தானே சொல்லப்போகிறேன்.

"சொந்தமெல்லாம் இல்லைங்க" என்றேன். "டீச்சர முன்னப்பின்ன தெரியாது. அட்டை பாத்துட்டு வந்தோம். வூடு எங்களுக்குத் தோதுப்படல."

"அப்புடியா" என்றார் அவர். நம்பினாரா இல்லையா தெரியவில்லை. என்னைத் தாண்டி மகளைப் பார்த்துக் குனிந்தார். "ஏம் பாப்பா, நீ மேல குதிச்சிட்டு இருந்தது எங்க வூடு வரைக்கும் கேட்டுச்சே. ஒனக்குமா புடிக்கல?"

என் மகள் என்னைப் பார்த்தாள். கேட் பக்கம் டீச்சரைப் பார்த்தாள். அப்புறம் அந்த அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்து, "புடிக்கல ஆன்ட்டி. ரூம் ரொம்பச் சின்னதா இருக்கு" என்றாள்.

குரல் பிசிறவில்லை. மாடியில் அந்த ஜன்னலோரம் அவள் நின்றதைப் பார்த்திராவிட்டால் நானே நம்பியிருப்பேன்.